பூட்டிய கதவைத் தட்டுவது

நோர்வேயில், ஒஸ்லோவுக்குப் பக்கத்து லோறென்ஸ்கூக்கில் ஒரு பிறந்தநாள் விருந்தில், கையில் கேக் தட்டோடு ஒரு பெண்பிள்ளை என்னைத் தேடி வந்தாள். நான் ஓய்வு பெற்ற அதே தடுப்பு மையத்தில் அவள் இப்போது காவலர். அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டவர்களை நாட்டை விட்டு அனுப்பும்வரை பூட்டி வைக்கும் இடம் அது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பைன் மரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. பூட்டியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் கேட்கும், விமானம் தெரியாது.

"அன்ரி, இப்ப கதவெல்லாம் கொன்ட்ரோல் அறையில இருந்து பட்டன் அமத்தித்தான் திறக்கிறது. ஆனா பழைய காவலர் சிலபேர் இன்னும் கதவடியில போய்த் தட்டிப்போட்டு நிக்கினம். ஏனெண்டு கேட்டா உங்கட பேரையும் ஊலாவ் எண்ட ஒராளின்ர பேரையும் சொல்லுகினம். பூட்டின கதவைத் தட்டினா, உள்ளை இருக்கிறவர் திறக்கவே போறார்?"

நல்ல கேள்விதான். நானும் முதல் வாரத்தில் அதைத்தான் கேட்டேன். ஆனால் கேக் சாப்பிட்டுக்கொண்டு சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. எண்பதுகளின் கடைசியில் மன்னாரிலிருந்து நோர்வேக்கு வந்தேன். வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் விரல் விறைக்க விறைக்க மீன் வெட்டினேன். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தேன். பெண் காவலர்கள் தேவை என்று விளம்பரம் கண்டு விண்ணப்பித்தேன். சட்டம், முதலுதவி, ஒருவரை நோகாமல் பிடிப்பது எப்படி என்று சில வாரம் படிப்பித்தார்கள். கடைசியில் ஒரு சீருடை தந்தார்கள். அதன் தோளுக்குள் இரண்டு பேர் புகலாம்.

சீருடை கிடைக்குமுன்பே எங்கள் ஆட்கள் ஒரு பட்டம் தந்துவிட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், "மேரி ரீச்சர் எங்கட சனத்தைப் பூட்டி வைக்கிற வேலைக்குப் போறா" என்று என் காதில் விழும்படி கதைத்தார்கள். நான் ஒருநாளும் ரீச்சர் இல்லை, அது நக்கல். "நான் பூட்டாட்டி வேற ஆரும் பூட்டுவினம். நான் பூட்டினா தமிழிலையாவது கதைப்பன்" என்று திருப்பிக் கொடுத்தேன். கொடுத்தேனே தவிர, வீட்டுக்குப் போய் அந்தப் பதிலை எனக்கு நானே பலதரம் சொல்லிப் பார்த்தேன்.

ஊலாவ் எங்கள் பிரிவின் பொறுப்பாளர். நோர்வேயின் வடக்கத்தி மனிதர், வாசலில் குனிந்துதான் நுழைவார். கதைப்பது குறைவு. அவர் ஒரு கதவைத் திறக்கும் முறையை இன்றும் கண்ணை மூடினால் பார்க்கலாம்.

சாவிக்கொத்தை இடது கையில் பொத்திப் பிடிப்பார், கிலுங்கக் கூடாது. கதவில் பார்ப்பதற்கு ஒரு சிறிய துவாரம் உண்டு. அதற்கு நேரே நிற்காமல் ஓரமாக நிற்பார். வலது கை விரல் முட்டியால் இரண்டு தட்டு, மெதுவாக. பிறகு தன் பெயரைச் சொல்வார். பிறகு காத்திருப்பார். எவ்வளவு நேரம் என்று கேட்டால், "ஒருவர் எழும்பிச் சட்டை போட்டுக்கொள்ளும் நேரம்" என்பார். உள்ளேயிருந்து ஏதாவது சத்தம் வந்தால் திறப்பார். வராவிட்டால் இன்னொரு முறை தட்டுவார். அதற்கும் சத்தம் இல்லையென்றால்தான் துவாரத்தில் கண் வைப்பார், யாருக்கும் ஏதும் நடந்துவிட்டதோ என்று பார்க்க.

மற்றப் பிரிவுகளில் சாவி கிலுங்கும், கதவு படாரென்று திறக்கும், வேலை முடிந்தது. எங்கள் பிரிவில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி கொடுக்க இரண்டு மடங்கு நேரம் போகும். முதல் வாரம் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"சாவி நம்மிடம் இருக்கிறதே, பிறகு ஏன் தட்ட வேண்டும்?" என்று கேட்டேன்.

"சாவி நம்மிடம் இருக்கிறது" என்றார். "ஆனால் அவர் இங்கே இருக்கும்வரை அது அவருடைய வீடு."

பூட்டிய வீடு! நான் மனதுக்குள் சிரித்தேன். இந்த மனிதன் தன் மனச்சாட்சிக்குத் தாலாட்டுப் பாடுகிறான் என்று நினைத்தேன். ஆனாலும் பொறுப்பாளர் சொன்னால் சொன்னதுதான். தட்டப் பழகினேன்.

இலங்கையில் போர் மறுபடி மூண்டிருந்த காலம் அது. ஐப்பசிக் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை, சிவமலர் என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். வவுனியாவில் அவளுடைய கணவனின் கடை வாசலுக்கு ஒருநாள் காலை ஒரு வான் வண்டி வந்து, அவனை ஏற்றிக்கொண்டு போனது. ஏற்றியது யார், எங்கே என்று எவரும் சொல்லவில்லை. தேடி அலைந்து, கடைசியில் தன்னையும் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் வெளிக்கிட்டிருக்கிறாள். அவளுக்கு மிஞ்சிய ஒரே இரத்த உறவு திராமன் நகரில் குடியிருந்த தமக்கை. அவளிடம் வருவதற்குத்தான் நோர்வே. ஆனால் வழியில் இத்தாலியில் பிடித்துக் கைவிரல் பதித்துவிட்டார்கள். முதலில் எந்த நாட்டில் விரல் பதித்தாயோ அங்கேதான் உன் வழக்கு என்பது ஐரோப்பியச் சட்டம். அடுத்த வெள்ளி மத்தியானம் இத்தாலிக்கு விமானம் என்று முடிவாகியிருந்தது.

அந்த வார முதற்பகுதி எனக்கு விடுமுறை. புதன்கிழமை வேலைக்கு வந்தபோது அவளுடைய அறைக் குறிப்பில், உணவு மறுப்பு, உணவு மறுப்பு என்று வரிசையாக இருந்தது. தண்ணீர் மட்டும் குடிக்கிறாளாம்.

போய்த் தட்டினேன். என் பெயரைச் சொன்னேன். சத்தமில்லை. மறுபடி தட்டித் திறந்தால், அறை நடுவில் எழும்பி நிற்கிறாள். ஊரில் ஆமி பெயர் கூப்பிட்டவுடன் எழும்பி நின்று பழகிய ஆட்கள் நாங்கள். தட்டினால் பதில் சொல்லலாம் என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? ஜன்னல் விளிம்பில் கைக்கடக்கமான ஒரு முருகன் படம் இருந்தது.

"ஏன் தங்கச்சி சாப்பிடேல்லை?"

தமிழைக் கேட்டதும் முகம் மாறியது. "சஷ்டி, அக்கா" என்றாள்.

நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். எங்களுக்குத் தபசுகாலம் தெரியும், சஷ்டி எப்போது வருகிறது என்று தெரியாது. அவள்தான் விளங்கப்படுத்தினாள். ஆறு நாள் விரதம். அவர் காணாமல் போன நாளிலிருந்து வருடா வருடம் பிடிக்கிறாள். ஏழாம் நாள் காலை முழுகி, முதலில் மற்றவர்களுக்குச் சோறு கொடுத்துவிட்டு, பிறகுதான் தான் சாப்பிட வேண்டும். அதற்குப் பாறணை என்று பெயர். "இந்த விரதம் குழம்பினா அவர் வரமாட்டார் எண்டு எனக்கொரு நினைப்பு" என்றாள். "விசர்க்கதைதான். ஆனா எனக்கு வேற என்ன இருக்கு?"

அன்று பின்னேரம் தமக்கை பார்க்க வந்தாள். சந்திப்பு அறையில் ஒரு காவலர் இருக்க வேண்டும் என்பது விதி. இருந்தது நான்தான். தமக்கை என் முகத்தைப் பார்த்தவுடன், "நீங்களும் எங்கட ஆள்தானே" என்றாள். கேட்டும் கேளாமல் இரு என்பதுதான் அதன் அர்த்தம். பிறகு தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு குசுகுசுத்தாள்.

"இஞ்சை பார், கடவுளாப் பாத்துத் தந்த சந்தர்ப்பம். நீ சாப்பிடாமல் இருக்கிறதை லோயரிட்டைச் சொன்னனான். அனுப்பக்கூடாது எண்டு உண்ணாவிரதம் இருக்கிறன் எண்டு நீ டொக்டரிட்டைச் சொன்னாக் காணுமாம். டொக்டர் பிளேனில ஏத்தக் கையெழுத்து வைக்கமாட்டார். விமானம் நிண்டா, கோட்டில கேக்கிறதுக்கு ஒரு கிழமை கிடைக்குமாம். ஒரு கிழமை காணும் எண்டவர்."

சிவமலர் தலை குனிந்துகொண்டு இருந்தாள்.

"என்னடி பேசாமல் இருக்கிறாய்?"

"அது சஷ்டி, அக்கா."

"சஷ்டிதான்! ஆர் இல்லையெண்டது? வாயால ஒரு சொல்லு மாத்திச் சொல்லன். உனக்கென்ன விசரே? அங்கை இத்தாலியில தெருவிலையோ படுக்கப்போறாய்?"

 நேரம் முடிந்துவிட்டது. தமக்கை போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது.

இப்போது எனக்கு இரண்டும் தெரியும். உண்மைக் காரணமும் தெரியும், சொல்லச் சொன்ன காரணமும் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்குப் பழக்கமில்லை. ஊலாவிடம் போய், "அவள் ஏன் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும்" என்றேன்.

அவர் கையை உயர்த்தினார். "அதை என்னிடம் சொல்லச் சொன்னாளா?"

"இல்லை."

"அப்படியென்றால் சொல்லாதே. நாளைக் காலை மருத்துவர் கேட்பார். பதில் அவளுடையது. அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் இங்கே பதியப்படும்."

அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. இந்த மனிதர் கதவில் மட்டும் தட்டுகிறவர் இல்லை.

ஆனால் நான் ஊலாவ் இல்லையே. அன்று வேலை முடியுமுன் அவளுடைய கதவைத் தட்டி, உள்ளே போய், மெதுவாகச் சொன்னேன். "தங்கச்சி, உங்கட அக்கா சொன்னதைச் சொல்லுங்கோ. முருகன் கோவிக்கமாட்டார். எங்கட யேசுவெண்டாலும் கோவிக்கமாட்டார்." அப்படிச் சொன்னது பிழை என்று நான் இன்றும் நினைக்கவில்லை.

அவள் சிரித்தாள். அவள் சிரித்து முதல் தடவையாக அப்போதுதான் பார்த்தேன். "அக்கா, நீங்கள் மடுமாதாவுக்கு நேத்திக்கடன் வைச்சுப்போட்டு, பிறகு அதைக் கொண்டுபோய்ச் சந்தையில விப்பியளோ?" என்று கேட்டாள். "இதை நான் என்ர மனுசனுக்கெண்டு பிடிக்கிறன். எனக்கெண்டு மாத்தினா, பிறகு அவருக்கெண்டு என்னட்டை ஒண்டும் இல்லை."

கதவைப் பூட்டிவிட்டு வந்தேன்.

வியாழன் காலை மருத்துவர் வந்தார். இளம் மனிதர், நல்ல மனம். பட்டினிப் போராட்டம் என்றால் கண்காணிப்பு அறைக்கு மாற்ற வேண்டும், விமானத்தில் ஏற்ற அனுமதி தரமுடியாது என்று முதலே ஊலாவிடம் சொல்லிவிட்டார். காவலர் மொழிபெயர்க்கக் கூடாது என்பதால், மேற்கே ஸ்தவாங்கர் நகரிலிருந்து ஒரு தமிழர் தொலைபேசியில் மொழிபெயர்த்தார். மேசையில் ஒலிபெருக்கி. நானும் ஊலாவும் வாசலில் நின்றோம்.

"நீங்கள் ஏன் சாப்பிடுவதில்லை?" என்று மருத்துவர் கேட்டார்.

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  சொல்லு, சொல்லு பிள்ளை என்று மனதுக்குள் கத்தினேன்.

"இது முருகனுக்குப் பிடிக்கிற விரதம்" என்றாள். "நாளைக்குக் காலமை முடியும். முடிய நான் சாப்பிடுவன்."

மொழிபெயர்ப்பைக் கேட்ட மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முட்டாள் இல்லை. அவள் தப்பிக்கொள்ள இன்னொரு முறை கதவைத் திறந்து பிடித்தார். "நாளை உங்களை அனுப்பப் போகிறார்கள். நீங்கள் சாப்பிடாமல் இருப்பதற்கும் அதற்கும் தொடர்பு இல்லையா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்."

"இல்லை. என்னை அனுப்பாட்டிலும் நான் பிடிச்சிருப்பன்."

 மொழிபெயர்ப்பாளர் தன் பக்கத்திலிருந்து ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது, அது அவர்களுடைய தொழிலின் முதல் விதி. ஸ்தவாங்கரில் இருந்த அந்த முகம் தெரியாத மனிதர் விதியை மீறினார். "அம்மா, நல்லா யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?" என்று தமிழில் கேட்டார். 

"நான் சொன்னதைச் சொல்லுங்கோ, தம்பி" என்றாள்.

அவர் சொன்னார். மருத்துவர் நாடி பார்த்தார், இரத்த அழுத்தம் பார்த்தார், காலையில் சாப்பிட்டபின் பயணம் செய்யலாம் என்று கையெழுத்து வைத்தார். போகும்போது யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

 நான் தேவாலயத்தில் முழங்காலில் நின்ற நாட்கள் எத்தனையோ. ஒரு மனிதப் பிறவிக்கு முன்னால் அப்படி நிற்கவேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

ஊலாவ் நடையோரமாகப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார். "இங்கே என்னிடம் பொய் சொன்னவர்களை நான் ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை" என்றார். "அவர்கள் இடத்தில் நானும் சொல்லியிருப்பேன். ஆனால் இது..."  கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு திடீரென்று, "நாளைக் காலை அவள் எதைச் சாப்பிட வேண்டும்?" என்று கேட்டார்.

சொன்னேன். சோறு, பருப்பு, ஒரு மரக்கறி. மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் படாத பாத்திரத்தில் சமைத்தது. வெளிச் சாப்பாடு உள்ளே வரக்கூடாது. மையத்தின் சாப்பாடோ பெட்டியில் வந்து சூடாக்கிக் கொடுப்பது. காவலர்களின் குசினிப் பானையில் தொத்திறைச்சி வாசம் ஏழு தரம் கழுவினாலும் போகாது. என் வீட்டில் மீன் படாத சட்டி ஒன்று கண்டுபிடித்தால் அதைக் காட்சிக்கு வைக்கலாம்.

வெள்ளி காலை நான் வந்தபோது, குசினி மேசையில் புத்தம்புதுப் பானை ஒன்றும் இரண்டு சட்டியும் இருந்தன. விலைத்தாள்கூட உரிக்கவில்லை. பக்கத்தில் அரிசிப் பை, பருப்பு, உருளைக்கிழங்கு, கீரை. ஊலாவ் பனிச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நின்றார். நான் சமைத்தேன். சோறும், பருப்பும், உருளைக்கிழங்குப் பிரட்டலும், கொஞ்சம் கீரையும்.

பானையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு அவளுடைய அறைக்குப் போனோம். ஊலாவ் சாவியை இடது கையில் பொத்திக்கொண்டு ஓரமாக நின்று, தட்டுவதற்காக வலது கையை உயர்த்தினார்.

அதற்குள் உள்ளேயிருந்து இரண்டு தட்டுக் கேட்டது. மெதுவாக.

அந்த மையத்தில் உள்ளே இருப்பவர்கள் எங்களைக் கூப்பிட அழைப்புமணி இருக்கிறது, அதை அமத்துவார்கள். கோபம் வந்தால் கதவை உதைப்பார்கள். தட்டிவிட்டுக் காத்திருந்தவரை நான் கண்டதில்லை. அவள் காத்திருந்தாள். பருப்பு வாசம் அவளுக்குப் போயிருக்க வேண்டும்.

ஊலாவின் கை அப்படியே நின்றது. தட்டிய கதவுக்கு நோர்வேயில் எல்லோரும் சொல்லும் பதில் அவர் வாயில் தானாக வந்துவிட்டது. "கொம் இன்" என்றார். உள்ளே வாருங்கள் என்று, பூட்டிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டு!

சொன்ன பிறகுதான், அவள் வரமுடியாது, தான்தான் திறக்க வேண்டும் என்பது அவருக்கு உறைத்தது. காதுவரை சிவந்துபோனார். சாவி கிலுங்கியது. அவர் கையில் சாவி கிலுங்கி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

முழுகி, ஈரத் தலையை முடிந்து, அவள் வாசலில் நின்றாள். "வாங்கோ" என்றாள். "ரெண்டு பேரும் வாங்கோ, சாப்பிட."

நிலத்தில் போர்வையை மடித்துப் போட்டிருந்தாள். ஊலாவ் சீருடையோடு, முழங்கால் மடங்கமாட்டாமல், சுவரைப் பிடித்துப் பிடித்து உட்கார்ந்தார். காவலர் பூட்டப்பட்டவரோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று விதிப்புத்தகத்தில் இல்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று அதை எழுதியவருக்குத் தோன்றியிருக்காது. அவள் பிளாஸ்டிக் தட்டில் முதலில் அவருக்குப் போட்டாள். பிறகு எனக்கு. கரண்டி கேட்காமல் அவர் என்னைப் பார்த்துப் பார்த்துக் கையால் சாப்பிட்டார், பருப்பு முழங்கை வரை வழிந்தது. இன்னும் கொஞ்சம் என்று அவள் போட்டாள், அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னும் சில மணி நேரத்தில் தன்னை விமானத்தில் ஏற்றப் போகிறவர்கள் இரண்டு பேரும் வயிறாறச் சாப்பிட்ட பிறகுதான், படத்தைக் கும்பிட்டுவிட்டு, தன் தட்டில் சோறு போட்டாள்.

மத்தியானம் சாதாரண உடுப்பில் இரண்டு பொலிஸார் வந்தார்கள். ஒருவர் கைவிலங்கை எடுத்தார். "அது தேவையில்லை" என்றார் ஊலாவ். அவர் திரும்ப வைத்துவிட்டார். சிவமலர் என் பக்கம் திரும்பி, "பானையைக் கழுவி வைச்சிட்டன், அக்கா" என்றாள். நான் தலையை ஆட்டினேன். 

அதன்பிறகு ஒவ்வோர் ஆண்டும் இலை உதிரும் காலம் வந்தால் ஊலாவ் என்னிடம் ஒரே கேள்வி கேட்பார். "அவளுடைய கணவர் வந்துவிட்டாரா?" எனக்குத் தெரியாது என்பேன். அவர் ஓய்வு பெற்று வடக்கே போன பின்பும், அதே பருவத்தில் தொலைபேசியில் அழைத்துக் கேட்பார்.

அதன்பின் நானும் ஓய்வு பெற்றேன். ஒருநாள் திராமனில் ஒரு தமிழ்க் கடையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது, ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். அந்தத் தமக்கை. அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அண்டைக்கு உங்களையும் திட்டினனான், அவளையும் திட்டினனான்" என்றாள். "கனகாலம் அவளோட கதைக்கேல்லை. இப்ப அவளுக்கு இத்தாலியில விசா கிடைச்சிட்டுது. ஒரு கிழவியைப் பாக்கிற வேலை. அவளின்ர மனுசன் வரேல்லை. இவள் இன்னும் சஷ்டி பிடிக்கிறாள்." கொஞ்சம் நிறுத்தினாள். "பாறணை அண்டைக்கு வருசா வருசம் ரெலிபோன் எடுத்து இதைத்தான் சொல்லுவாள். 'நோர்வேயில என்ர வீட்டில ரெண்டு பேருக்குச் சோறு போட்டிட்டுத்தான் வெளிக்கிட்டனான்' எண்டு. எந்த வீடடி எண்டு கேட்டன். அவளைப் பூட்டின அந்த மறியல் அறையை, அக்கா! அதைத்தான் அவள் என்ர வீடு எண்டு சொல்லுறாள்."

கடைக்காரர் மீனைச் சுற்றிக் கையில் தந்தார். நான் காசு கொடுக்க மறந்து வெளியே வந்துவிட்டேன், பிறகு திரும்பிப் போய்க் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஊலாவை அழைத்தேன். முதலில் அவர் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். "இல்லை, வரவில்லை" என்றேன். பிறகு அவள் சொன்னதை, அவள் சொன்ன மாதிரியே, ஒரு சொல்லும் சேர்க்காமல் சொன்னேன்.

மறுபக்கத்தில் சத்தமில்லை. நான் அவருடைய பெயரைக் கூப்பிடவில்லை, தொலைபேசியை வைக்கவுமில்லை. அவர் பேசும்வரை அப்படியே காத்துக்கொண்டு நின்றேன்.